முகவரி உண்டு, பட்டா இல்லை: லினக்ஸ் கெர்னல் பகிர் பஃபர்களைச் சுற்றி வேலி கட்டுவது ஏன்?

முன்மொழியப்பட்ட மாற்றத்தின் சாரம் ஒரே வரி. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில், பல வன்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகத் துண்டுக்கு ‘டிஎம்ஏ-பஃப்’ என்று பெயர். இந்தப் பகிர் பஃபரை ஒரு நிரல் தன் முகவரிப் பரப்புக்குள் கொண்டுவந்ததும், அந்தப் பரப்பின் மேல் ‘பிஎஃப்என்மேப்’ என்ற குறி இருக்கிறதா என்று கெர்னல் பார்க்க வேண்டும். இல்லையென்றால் தன் பதிவில் ஓர் எச்சரிக்கையை எழுத வேண்டும். கெர்னலின் கிராஃபிக்ஸ் பகுதியை நெடுங்காலம் பராமரித்து வந்தவர்களுள் ஒருவர் இதை 2021-இல் பேட்சாக, அதாவது நிரல் திருத்தமாக, முன்வைத்தார். 2022-இல் மீண்டும் முன்வைத்தார். நிரலில் இது ஒரு வரி. அதன் பின்னால் உள்ள வாதத்துக்குப் பல ஆண்டு வரலாறு இருக்கிறது. நினைவகம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுவது உண்மையில் ஒரே பொருள்தானா என்ற கேள்வியில்தான் அந்த வரலாறு சுற்றிச் சுற்றி வருகிறது.

கைப்பேசியில் 4கே வீடியோ எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 3840-க்கு 2160 புள்ளிகள் கொண்ட ஒரு சட்டகம், வீடியோ வன்பொருள்கள் வழக்கமாகக் கையாளும் வடிவத்தில் புள்ளிக்கு ஒன்றரை பைட் வீதம், ஏறத்தாழ 12.4 மெகாபைட் இடம் பிடிக்கும். நொடிக்கு 60 சட்டகம் என்றால் 746 மெகாபைட். சென்சார் தருவதைப் படச் செயலி திருத்துகிறது. திருத்தியதை என்கோடர் சுருக்குகிறது. அதே சட்டகத்தைத் திரையும் காட்டியாக வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு நகல் என்று வைத்தால், ஒரு நகலுக்கு ஒரு வாசிப்பும் ஓர் எழுதுதலுமாக நொடிக்கு ஒன்றரை ஜிகாபைட் போக்குவரத்து எந்தப் பயனும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். கைப்பேசி கையில் சுடுவதற்கு வேறு காரணமே வேண்டாம்.

எனவே நகலெடுக்காமல், ஒரே பஃபரை எல்லா வன்பொருள்களும் பகிர்ந்துகொள்ள ஒரு வழி தேவைப்பட்டது. 2012 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 3.3-இல் டிஎம்ஏ-பஃப் சேர்ந்தது இதற்காகத்தான். ஏற்பாடு எளிமையானது. ஒரு டிரைவர், அதாவது ஒரு வன்பொருளை இயக்கும் கெர்னல் நிரல், தன்னிடம் உள்ள பஃபரை ஏற்றுமதி செய்கிறது. அது பயனர் நிரலின் கையில் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டராக, அதாவது வெறும் ஓர் எண்ணாக வந்து சேர்கிறது. அந்த எண்ணை இன்னொரு டிரைவரிடம் கொடுத்தால், அது பஃபரை இறக்குமதி செய்துகொண்டு தன் வன்பொருளை அதன் மேல் ஏவுகிறது. இரண்டு கிராஃபிக்ஸ் சிப்கள் உள்ள மடிக்கணினியில் ஒன்று வரைந்ததை மற்றொன்று திரைக்கு அனுப்புவதும் இதே வழியில்தான்.

ஆண்ட்ராய்டு இதற்கு இணையாகத் தனக்கென்று ‘அயான்’ என்ற நினைவக ஒதுக்கியை வைத்திருந்தது. பல ஆண்டுகள் அது கெர்னலின் திண்ணையிலேயே, அதாவது முழுமையாக ஏற்கப்படாத டிரைவர்கள் தங்கும் ‘ஸ்டேஜிங்’ பகுதியிலேயே, உட்கார்ந்திருந்தது. 2020-இல் வந்த 5.6 பதிப்பில் ‘டிஎம்ஏ-பஃப் ஹீப்’ என்ற முறையான மாற்று சேர்ந்தது. 2021-இல் 5.11-இலிருந்து அயான் நீக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு 12 ஹீப்களுக்கு மாறிக்கொண்டது. நமக்கு வேண்டிய சண்டை இந்த மாற்றத்தின் நடுவில்தான் வெடித்தது.

பட்டாவும் புறம்போக்கும்

சாதாரண நினைவகத்தை லினக்ஸ் 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘ஸ்ட்ரக்ட் பேஜ்’ என்ற ஒரு பதிவு உண்டு. 64 பிட் கணினிகளில் பொதுவாக 64 பைட். இதை நிலத்தின் பட்டா என்று வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும். இந்தப் பக்கத்தை இப்போது எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள், எத்தனை பக்க அட்டவணைகளில் இது இடம்பெற்றிருக்கிறது, இது எந்தக் கோப்பைச் சேர்ந்தது என்பதெல்லாம் அந்தப் பதிவில் இருக்கும். பிடித்திருப்போர் எண்ணிக்கை பூஜ்யமானால் பக்கம் பொது இருப்புக்குத் திரும்பிவிடும். கெர்னலின் நினைவக நிர்வாகம் முழுவதும் இந்தப் பட்டாவை நம்பியே நடக்கிறது.

ஒரு நிரல் ‘எம்மேப்’ அழைப்பின் மூலம் எதையாவது தன் முகவரிப் பரப்பில் கொண்டுவரும்போது, செயலிக்கு வேண்டியது பட்டா இல்லை. இந்த முகவரியைத் தொட்டால் அந்தப் பௌதிகப் பக்கத்துக்குப் போ என்று பக்க அட்டவணையில் ஓர் எண் எழுதியிருந்தால் போதும். அந்த எண்ணுக்குப் பின்னால் ஸ்ட்ரக்ட் பேஜ் இருக்கலாம். கிராஃபிக்ஸ் அட்டையின் சொந்த நினைவகமாக இருந்து அப்படி எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். இந்த இரண்டாம் வகைக்கென்று உள்ள குறிதான் பிஎஃப்என்மேப். இந்தப் பரப்பில் இருப்பவை வெறும் பக்க எண்கள், இவற்றுக்குப் பட்டா தேடாதே, இருந்தாலும் அதைத் தொடாதே என்று அது நினைவக நிர்வாகத்துக்குச் சொல்கிறது. புறம்போக்கு நிலத்தில் நடக்கலாம், மாடு மேய்க்கலாம். அதைக் காட்டி வங்கியில் கடன் வாங்க முடியாது. அந்த மாதிரி.

கடன் கேட்கும் ஆட்கள் கெர்னலுக்குள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு நிரல் ‘ஓ_டைரக்ட்’ முறையில் கோப்பை எழுதச் சொன்னால், கேஷ் என்ற இடைச் சேமிப்பு வழியாகப் போகாமல் அந்த நிரலின் பக்கங்களையே வட்டு வன்பொருளிடம் நேராகக் கொடுக்க வேண்டும். அதற்குக் கெர்னல் ‘கெட்_யூசர்_பேஜஸ்’ என்ற செயற்கூறை அழைக்கிறது. அது முகவரியிலிருந்து ஸ்ட்ரக்ட் பேஜைக் கண்டுபிடித்து, பிடிப்பு எண்ணிக்கையை ஒன்று கூட்டி, வேலை முடியும்வரை பக்கம் எங்கும் போய்விடாதபடி ஆணியடித்து வைக்கிறது. நகலின்றி வலையமைப்பில் அனுப்புவது, ஒரு கணினி இன்னொன்றின் நினைவகத்தை வலை வழியாக நேராகத் தொடும் ‘ஆர்டிஎம்ஏ’, மெய்நிகர் கணினிக்கு வன்பொருளை நேராக ஒப்படைப்பது எல்லாவற்றுக்கும் அடியில் இதே செயற்கூறுதான். பிஎஃப்என்மேப் குறி உள்ள பரப்பைக் கண்டால் அது பிழைக் குறியீட்டைத் திருப்பிவிட்டுக் கையை விரித்துவிடும்.

ஆகவே அந்த ஒற்றை வரி உண்மையில் கேட்பது இதுதான்: பகிர் பஃபரை மேப் செய்பவர் படிக்கட்டும், எழுதட்டும், அந்த முகவரியைக் காட்டி வேறெங்கும் பக்கத்தைப் பிடித்துவைக்க மட்டும் அவருக்கு வழி இருக்கக் கூடாது.

காலடியில் நகரும் நிலம்

இந்தக் கண்டிப்பு எதற்கு என்பது ஒரு தனி கிராஃபிக்ஸ் அட்டைக்குள் எட்டிப் பார்த்தால் புரியும். முதலாவதாக, அட்டையின் வீடியோ நினைவகத்துக்கு வழக்கமாகப் பட்டாவே கிடையாது. 24 ஜிகாபைட் அட்டைக்கு அப்படிப் பதிவு வைக்க வேண்டுமென்றால், ஜிகாபைட்டுக்கு 16 மெகாபைட் வீதம், கணினியின் நினைவகத்தில் 384 மெகாபைட் அதற்கே போய்விடும். இரண்டாவதாக, அந்த நினைவகம் முழுவதும் செயலியின் கண்ணுக்குத் தெரியும் என்றுகூடச் சொல்ல முடியாது. பழைய ஏற்பாட்டில் செயலிக்குத் திறந்திருந்த ஜன்னலின் அகலம் பெரும்பாலும் 256 மெகாபைட்தான். ஜன்னலுக்கு வெளியே கிடக்கும் பஃபரை நிரல் தொட்டால், டிரைவர் அதை ஜன்னலுக்குள் இழுத்து வந்து காட்ட வேண்டும்.

மூன்றாவதுதான் விஷயத்தின் மையம். கிராஃபிக்ஸ் பஃபர்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. விளையாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது உலாவியைத் திறந்தால், வீடியோ நினைவகத்தில் இடம் போதாமல் சில பஃபர்கள் கணினி நினைவகத்துக்கு வெளியேற்றப்படும். தேவைப்படும்போது திரும்பி வரும். ஒவ்வொரு நகர்வின்போதும் டிரைவர் முதலில் அந்த பஃபரைக் காட்டிக்கொண்டிருக்கும் எல்லாப் பக்க அட்டவணைப் பதிவுகளையும் அழித்துவிடுகிறது. நிரல் அடுத்த முறை அந்த முகவரியைத் தொடும்போது பக்கப் பிழை எழும்; டிரைவர் அதைப் பிடித்து, புதிய இடத்தின் எண்ணை எழுதிவிட்டு நிரலைத் தொடரவிடும். நிரலுக்கு எதுவும் தெரியாது. முகவரி அதேதான், அதன் அடியில் உள்ள நிலம் மட்டும் மாறியிருக்கும்.

இந்த நாடகம் நடக்க ஒரே ஒரு நிபந்தனை: பக்க அட்டவணையைத் தவிர வேறு எவரும் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒருவர் ஓ_டைரக்ட் வழியாக அந்தப் பக்கத்தை ஆணியடித்து வைத்திருந்தால் என்ன ஆகும்? பஃபர் வேறிடம் போன பிறகும் வட்டு வன்பொருள் பழைய பக்கத்திலேயே தரவைக் கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தரவு போன இடம் யாருக்கும் தெரியாது. தரவு தொலைவதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. கிராஃபிக்ஸ் டிரைவர்கள் விடுவித்த பக்கங்களைப் பொது இருப்புக்குத் திருப்பாமல் தங்கள் சொந்தக் குட்டையில் போட்டு வைத்து, அடுத்துக் கேட்பவருக்கு எடுத்துக் கொடுப்பது வழக்கம். பிடிப்பு எண்ணிக்கையை அப்போது அவை பொருட்படுத்துவதில்லை. பட்டாவை யாரும் தொடமாட்டார்கள் என்பதுதானே ஒப்பந்தம். அப்படியிருக்க, ஒருவர் பிடித்து வைத்திருக்கும் பக்கம் இன்னொருவரின் திரைப் படமாக மறுபிறவி எடுத்தால், வங்கிப் பக்கம் திறந்திருக்கும் ஜன்னலை அடுத்த நிரல் எட்டிப் பார்க்கலாம் என்று பொருள்.

கைப்பேசியில் எல்லாம் சரியாக நடக்கும்

எதிர்த் தரப்பு முட்டாள்தனமானது அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கைப்பேசி, சிறு கணினிப் பலகை, தொலைக்காட்சிப் பெட்டி போன்றவற்றில் கிராஃபிக்ஸுக்கென்று தனி நினைவகம் கிடையாது. எல்லாம் ஒரே ரேம். அங்கே பகிர் பஃபர் என்பது பெரும்பாலும் சாதாரணப் பக்கங்களின் கட்டுதான். ஒவ்வொன்றுக்கும் சுத்தமான பட்டா இருக்கிறது. அவை நகர்வதும் இல்லை. அந்தச் சூழலில் மட்டும் வேலை செய்யும் ஒரு நிரலாளர், கேமராவிலிருந்து வந்த பஃபரை மேப் செய்து, ஓ_டைரக்ட் முறையில் நேராகக் கோப்பில் எழுதிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேப் செய்த டிரைவர் பக்கங்களைப் பட்டாவோடு கொடுத்திருந்தால் அது அழகாக வேலை செய்யும். வேகமாகவும் இருக்கும். இதில் என்ன தவறு என்று அவர் கேட்டால், அவருடைய பலகையைப் பொறுத்தவரை பதில் சொல்வது கடினம்தான்.

தவறு அவருடைய பலகைக்கு வெளியே இருக்கிறது. அவர் கையில் உள்ளது ஓர் எண். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது கேமரா டிரைவரா, தனி அட்டையின் வீடியோ நினைவகமா, கணினி எழும்போதே ஒதுக்கி வைத்த பட்டா இல்லாத பகுதியா என்பது அந்த எண்ணைப் பார்த்தால் தெரியாது. பதிப்புரிமை காக்கப்பட்ட வீடியோவுக்கான பாதுகாப்பு நினைவகமாக இருந்தால் செயலி அதைத் தொடவே கூடாது. எம்மேப் அழைப்பே தோற்க வேண்டும். இத்தனை விதமானவர்களுக்கும் ஒரே இடைமுகம் என்றால், அது தரும் வாக்குறுதி அவர்களில் மிகக் குறைவாகத் தரக்கூடியவர் எவரோ அவரால் நிறைவேற்றக்கூடியதாக இருக்க வேண்டும். மற்றவர்கள் தாராள மனத்தோடு கூடுதலாகக் கொடுத்தால், அந்தக் கூடுதலை நம்பி நிரல்கள் எழுதப்பட்டுவிடும்.

எழுதப்பட்ட பிறகு திரும்பப் பெற முடியாது. பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எத்தனையோ முறை, பெரும்பாலும் உரத்த குரலில், வற்புறுத்தி வந்த விதி. இந்த நடத்தையை நாங்கள் உறுதியளிக்கவில்லை, அது தற்செயலாக வேலை செய்தது என்ற சமாதானம் அங்கே எடுபடாது. ஓடிக்கொண்டிருந்த நிரல் புதிய கெர்னலில் ஓடவில்லை என்றால் குற்றவாளி கெர்னல்தான். எனவே தற்செயலாகக்கூட வேலை செய்துவிடாமல் பார்த்துக்கொள்வது பராமரிப்பாளர்களின் தற்காப்பு. வீட்டுக்குக் குறுக்கே பாதை விழுந்த பிறகு சுவர் எழுப்பினால் ஊர் கூடிவிடும். முதல் ஆள் நடக்கும் முன்பே எழுப்பிவிட வேண்டும். இந்த ஒரு வரி மாற்றத்தை நான் நியாயம் என்று கருதுவதும் முதன்மையாக இந்தக் காரணத்துக்காகத்தான். பாதுகாப்புக் காரணம் பெரிதுதான். ஆனால் பாதுகாப்புப் பிழையைப் பின்னாலும் திருத்தலாம்.

கணக்குக் கேட்டவர்கள்

2021-இல் இந்த மாற்றத்தைத் தூண்டிவிட்டது ஒரு கணக்குப் பிரச்சினை. எந்த நிரல் எவ்வளவு நினைவகம் தின்கிறது என்று ஆண்ட்ராய்டு ஓயாமல் கணக்கிடுகிறது. ரேம் குறைந்தால் யாரைக் கொல்வது என்று முடிவெடுக்க வேண்டுமே. அதற்கு அது நம்பும் அளவு ‘பிஎஸ்எஸ்’. மூன்று பேர் பகிரும் ஒரு பக்கத்தை ஆளுக்கு மூன்றில் ஒரு பங்காகப் பிரித்து எழுதும் முறை அது. எத்தனை பேர் ஒரு பக்கத்தை மேப் செய்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை இருப்பதோ ஸ்ட்ரக்ட் பேஜில். பிஎஃப்என்மேப் குறி இருந்தால் அந்தப் பதிவையே பார்க்கக் கூடாது. விளைவு, கைப்பேசியில் பெரும் பங்கு நினைவகத்தை விழுங்கும் கிராஃபிக்ஸ், கேமரா பஃபர்கள் கணக்கில் வராமலே போயின.

எனவே சாதாரண ரேமிலிருந்து ஒதுக்கும் ‘கணினி ஹீப்’பின் பஃபர்களைப் பட்டாவோடு மேப் செய்யலாம் என்று ஒரு பேட்ச் வந்தது. பழைய அயான் பட்டா இல்லாத ஒதுக்கீடுகளையும் கையாள வேண்டியிருந்ததால்தான் வெறும் எண்களாக மேப் செய்தது, இப்போது அந்தத் தேவை இல்லையே என்பது அதன் வாதம். கணினி ஹீப் தருவது எப்போதும் சாதாரணப் பக்கங்கள்தான் என்பதால் அந்த வாதத்தில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதை ஏற்றால் பிஎஸ்எஸ் கணக்கோடு சேர்ந்து கெட்_யூசர்_பேஜஸும் உள்ளே வந்துவிடும். கணக்கு எழுதக் கேட்ட பட்டா, கடன் வாங்கவும் செல்லும். மறுப்பு அங்கிருந்துதான் எழுந்தது. ஒரு வரி நிபந்தனையும் அந்த மறுப்பின் எழுத்து வடிவம்தான்.

கணக்குக்கு வேறு வழி கிடைத்தது. 2019-லேயே ஒவ்வொரு பகிர் பஃபருக்கும் தனி ஐநோடு எண், அதாவது கோப்புகளுக்குத் தரப்படும் அடையாள எண், கொடுத்தாகிவிட்டது; அதனால் எந்த நிரல் எந்த பஃபரைத் திறந்து வைத்திருக்கிறது என்பதை, ஓடும் நிரல்களின் விவரத்தைக் காட்டும் ‘பிராக்’ கோப்பு முறையிலிருந்தே பொருத்திப் பார்க்கலாம். 2021-இல் வந்த 5.14 பதிப்பு, பஃபர் வாரியாக அளவையும் ஏற்றுமதி செய்த டிரைவரின் பெயரையும், கெர்னலின் உள்விவரங்களைக் காட்டும் ‘சிஸ்’ கோப்பு முறையில் காட்டத் தொடங்கியது. பக்கம் பக்கமாக எண்ணுவதற்குப் பதில் பஃபர் பஃபராக எண்ணுவது. கிராஃபிக்ஸ் பஃபர் என்பது முழுதாக இருப்பது அல்லது முழுதாக இல்லாமல் போவது என்பதால் இந்த அலகுதான் இயல்பானதும்கூட.

இதே காலத்தில் கெர்னலின் உள்ளேயும் ஒரு வேலி எழும்பியது. அது எனக்கு மிகவும் பிடித்தமானது. பகிர் பஃபரை இறக்குமதி செய்யும் டிரைவருக்குத் தரப்படும் பட்டியலில் இரண்டு விஷயங்கள் இருக்கும்: வன்பொருள் பயன்படுத்த வேண்டிய முகவரி ஒன்று, ஸ்ட்ரக்ட் பேஜைச் சுட்டும் சுட்டி ஒன்று. டிரைவர் முதலாவதை மட்டுமே தொட வேண்டும். சொன்னால் யார் கேட்கிறார்கள்? 5.12 பதிப்பில் சேர்ந்த பிழையறி விருப்பத்தை இயக்கினால், கெர்னல் பட்டியலைக் கொடுக்கும் முன் பேஜ் சுட்டிகளின் பிட்களை வேண்டுமென்றே புரட்டிப் போட்டுவிடுகிறது. ஒழுங்கான டிரைவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. திருட்டுத்தனமாகப் பட்டாவைப் புரட்டிய டிரைவர் அந்த இடத்திலேயே தலைகுப்புற விழும். பயனர் பக்கத்துக்கான பிஎஃப்என்மேப் நிபந்தனை, இந்த உள்வேலியின் வெளிப்புறச் சோடி என்றே முன்வைக்கப்பட்டது.

வேலியில் இருந்த ஓட்டைகள்

குறி வைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைக்க முடியாதபடி அடுத்தடுத்துப் பாடங்கள் வந்தன. பிஎஃப்என்மேப்புக்கும் சாதாரண மேப்பிங்குக்கும் நடுவே ‘மிக்ஸட்மேப்’ என்று ஒரு கலப்பு வகை உண்டு; பட்டா உள்ளவையும் இல்லாதவையும் ஒரே பரப்பில் இருக்கலாம். தனி அட்டைகளின் டிரைவர்கள் பலவும் பயன்படுத்தும் ‘டிடிஎம்’ நினைவக மேலாளர் இந்த வகையைத்தான் பயன்படுத்திவந்தது. பக்க அட்டவணைப் பதிவில் ‘இது சிறப்புப் பக்கம்’ என்று குறிக்க ஒரு பிட் இல்லாத செயலிக் கட்டமைப்புகளில், கலப்பு வகை சத்தமில்லாமல் பக்கத்தைப் பிடித்துவிடுகிறது என்பது ஆர்ம் வகைச் செயலியில் எழுந்த ஒரு பிழையைத் துருவியபோது தெரியவந்தது. 2021-இல் டிடிஎம் பிஎஃப்என்மேப்புக்கு மாறியது.

அதே ஆண்டில் இன்னொன்று. டிடிஎம் வேகத்துக்காக 2 மெகாபைட் பெரும் பக்கங்களாகவும் மேப் செய்துவந்தது. கெட்_யூசர்_பேஜஸுக்கு ஒரு விரைவு வடிவம் உண்டு. பரப்பின் மேலுள்ள குறியை அது பார்ப்பதில்லை. பூட்டு எதுவும் போடாமல் பக்க அட்டவணையில் நேராக இறங்கி, ஒவ்வொரு பதிவிலும் சிறப்புப் பிட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். பெரும் பக்கப் பதிவுகளில் அந்தப் பிட் அப்போது இல்லை. வாசலில் காவலாளி நிற்கிறார், கொல்லைப்புறம் திறந்து கிடக்கிறது என்ற நிலை. தீர்வாகப் பெரும் பக்க வசதியே டிடிஎம்மிலிருந்து எடுக்கப்பட்டது. பெரும் பக்கங்களுக்கும் சிறப்புப் பிட் ஏற்பாட்டோடு பிஎஃப்என்மேப் ஆதரவு வர 2024 நவம்பரில் வெளியான 6.12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மிக நுட்பமான ஓட்டை மெய்நிகர் கணினிகளை நடத்தும் கேவிஎம்மில் இருந்தது. பாதுகாப்புப் பிழைகளின் பொதுப் பதிவேட்டில் சிவிஇ-2021-22543 என்ற எண்ணில் அது பதிவாகியிருக்கிறது. பிஎஃப்என்மேப் பரப்பு என்றால் கெட்_யூசர்_பேஜஸ் மறுத்துவிடும் என்பதால், கேவிஎம் பக்க அட்டவணையைத் தானே படித்து எண்ணை எடுத்துக்கொண்டது. எடுத்ததோடு, அந்த எண்ணுக்குப் பட்டா இருந்தால் அதன் பிடிப்பு எண்ணிக்கையையும் கூட்டியது. டிரைவர்கள் பல பக்கங்களை ஒரே தொகுதியாக வாங்கும்போது முதல் பக்கத்தின் பதிவில்தான் எண்ணிக்கை இருக்கும், மற்றவற்றில் பூஜ்யம். கேவிஎம் அந்தப் பூஜ்யத்தை ஒன்றாக்கியது. வேலை முடிந்ததும் கடமை தவறாமல் ஒன்றைக் குறைத்து மீண்டும் பூஜ்யமாக்கியது. பூஜ்யமான பக்கத்தைக் கெர்னல் என்ன செய்யும்? விடுவித்துவிடும். டிரைவரும் நிரலும் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பக்கம், தொகுதியின் நடுவிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டு வேறு யாருக்கோ போய்விடும். பட்டா இருந்தாலும் தொடாதே என்ற விதியின் ‘இருந்தாலும்’ எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

தனி நகல் கேட்கும் மேப்பிங் இன்னொரு தலைவலி. எழுதும்போது மட்டும் எனக்கென்று ஒரு நகல் எடுத்துக்கொடு என்று நிரல் எம்மேப்பில் கேட்கலாம். பகிர்வதற்காகவே பிறந்த பஃபரில் இந்தக் கோரிக்கைக்குப் பொருளே இல்லை. ஆனாலும் கேட்பதை யாரும் தடுக்க முடியாது. கிராஃபிக்ஸ் டிரைவர்கள் பலவும் பயன்படுத்தும் ஓர் உதவி நூலகம் இதைச் சோதிக்காமல் விட்டிருந்தது. எண்களாகச் செருகும் செயற்கூறோ, இந்த இரண்டும் சேர்ந்தால் கெர்னலையே நிறுத்திவிடும்படி எழுதப்பட்டிருந்தது. சாதாரண நிரல் ஒன்று, ஒரே ஓர் எம்மேப் அழைப்பும் அந்த முகவரியில் ஒரு தொடுதலுமாகக் கணினியைக் கவிழ்க்க முடிந்தது. 2024-இல் சரிசெய்யப்பட்டது, அப்படிக் கேட்டால் இப்போது தொடக்கத்திலேயே மறுப்பு வருகிறது.

எண்ணைக் கொடு, முகவரியைக் கொடுக்காதே

நகலில்லாமல் கோப்பில் எழுதவும் வலையில் அனுப்பவும் விரும்பிய நிரலாளரின் தேவை போலியானது அல்ல. அவர் தேர்ந்தெடுத்த வழிதான் தவறு. எம்மேப் தரும் முகவரி செயலி பார்ப்பதற்கானது. அதற்குக்கூட, ஆர்ம் சிப்கள் பலவற்றில், பார்க்கத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஒரு ஒத்திசைவு அழைப்பு விட்டுச் செயலியின் கேஷைச் சரிசெய்தாக வேண்டும். வன்பொருளுக்கு வன்பொருள் தரவு போக வேண்டுமென்றால் செயலியின் முகவரிப் பரப்பை நடுவில் இழுக்கத் தேவையே இல்லை. டிஸ்கிரிப்டர் எண்ணையே அடுத்த அமைப்பிடம் கொடுத்தால், அது ஏற்றுமதி செய்த டிரைவரோடு நேராகப் பேசிக்கொள்ளும். பஃபரை நகர்த்த வேண்டியிருந்தால் அதையும் இருவரும் பேசி முடிவு செய்துகொள்வார்கள்.

இந்த வழியில் ஒவ்வொரு அமைப்பாக வந்து சேர்ந்திருக்கிறது. ஆர்டிஎம்ஏ, 2021-இல், 5.12 பதிப்பிலேயே பகிர் பஃபர்களை இறக்குமதி செய்யக் கற்றுக்கொண்டது. இணையத்தின் வழக்கமான டிசிபி நெறிமுறை வழியாக வரும் தரவை வலையமைப்பு அட்டையிலிருந்து நேராக கிராஃபிக்ஸ் அட்டையின் நினைவகத்தில் இறக்கும் வசதி 6.12-இல் சேர்ந்தது. இதற்காக வலையமைப்புப் பகுதி, பொட்டலத்தின் தரவுக்கு ஸ்ட்ரக்ட் பேஜ் இருந்தே தீரும் என்ற தன் பழைய நம்பிக்கையையே கைவிட்டு, பட்டா இல்லாத நினைவகத்தைக் குறிக்கத் தனி வகை ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. எம்மேப்பில் ஒரு சந்து விட்டுவைத்திருந்தால் இந்த உழைப்பை யாரும் மேற்கொண்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

இந்தக் கதையில் கடைசியாக வேலிக்குள் வந்தவர்களில் ‘யூடிஎம்ஏபஃப்’ குறிப்பிடத்தக்கது. மெய்நிகர் கணினிகளின் திரையைப் பகிர்வதற்காக 2018-இல் வந்த சிறு டிரைவர் அது. பயனர் நிரலே உருவாக்கிய சாதாரண நினைவகக் கோப்பின் பக்கங்களை எடுத்துப் பகிர் பஃபராகக் கட்டித் தருவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. அந்தப் பக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் சந்தேகத்துக்கு இடமில்லாத பட்டா உண்டு. அவை வீடியோ நினைவகத்துக்கு ஓடிப்போவதும் இல்லை. பல ஆண்டுகள் அது அவற்றைப் பட்டாவோடுதான் மேப் செய்துவந்தது. 2024-இல் அதுவும் பிஎஃப்என்மேப் குறியைப் போட்டுக்கொண்டு, வெறும் பக்க எண்களை மட்டும் கொடுக்கத் தொடங்கியது.